முதலாளி எங்கே கை வைக்க வேண்டும்?

(சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரை முடிவதற்குள் முன்வரிசையிலேயே சிலர் வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. என்ன கேட்டிருப்பார்கள் என்பதும் தெரியும். "சார், லோடு வந்திருக்கு, இறக்கலாமா?" "அந்தப் பார்ட்டிக்கு ரெண்டு சதவீதம் குறைக்கலாமா?" நீங்கள் சொன்னால்தான் லோடு இறங்கும். இதில் நமக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருக்கிறது, இல்லையா?

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி என்று ஒருவர் இருந்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், தன் 58ஆவது வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக விரும்பியவர் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். மேடைகளில் இந்தப் பகுதியைத்தான் சொல்வார்கள்; கைதட்டலும் கிடைக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவ்வளவு பாடுபட்டுப் பழக்கிய கைகளை மட்டும் நம்பி அவர் மருத்துவமனையைக் கட்டவில்லை.

அங்கே அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் அவர் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயார். முடித்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, பயந்துபோன பாட்டிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது எல்லாம் பள்ளிப்படிப்பு முடித்து வந்த கிராமத்துப் பெண்களின் பொறுப்பு. டாக்டரால் மட்டுமே முடிகிற வேலைதான் டாக்டரிடம் போகிறது.

"எங்க ஆளுங்களுக்குப் பொறுப்பே கிடையாது சார்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, அந்தப் பெண்களுக்கு எத்தனை நாள் பயிற்சி தெரியுமா? இரண்டு வருடம். நாம் புதிதாக வருகிறவனை மெஷின் முன்னால் நிறுத்தி, "அண்ணன் செய்றதைப் பார்த்துக்கோ" என்கிறோம். அப்புறம் பொறுப்பில்லை என்கிறோம்.

இன்னொன்று. அரவிந்தின் இலவச முகாம்களில் "ஆபரேஷன் செய்யணும்" என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளிகளில் பலர் வரவில்லை. நாமாக இருந்தால் "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடித்திருப்போம். மருத்துவமனைக்காரர்கள் நேரில் போய் விசாரித்தார்கள். பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட வர ஆளில்லை. சிகிச்சை மட்டும் இலவசமாக இருந்து என்ன பயன்? போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்தே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை எட்டாத உயரம். சப்ளையரிடம் பேரம் பேசுவதோடு நிற்காமல், 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் தாங்களே செய்ய இறங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. லோடு இறக்கலாமா என்ற கேள்விக்கே நாள் முழுக்க பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு யோசனை வர நேரம் எங்கே?

"அது சேவை, நமக்கு லாபம் வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் வருமானத்தை வைத்தே இலவச சிகிச்சையையும் நடத்திக் காட்டிய நிறுவனம் அது. கணக்கில் நம் பலரைவிடக் கெட்டி.

நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு வருகிற ஒவ்வொரு போனையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு வாரம் போதும். எந்த முடிவை யார் எடுக்கலாம், எவ்வளவு ரூபாய் வரை எடுக்கலாம் என்று எதிரே எழுதி, அந்த ஆளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். முதல் மாதம் தப்பு நடக்கும், கொஞ்சம் சரக்கு வீணாகும். அதைப் பயிற்சிச் செலவில் எழுதச் சொல்லுங்கள். தயவுசெய்து அவர்கள் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.