தக்காளி டின் மேல் வழக்குப் போட்ட அமெரிக்க அரசு!

வணக்கம் மக்களே! 1943-இல் அமெரிக்காவில் மேல்முறையீடு வரை போன ஒரு வழக்கு. தலைப்பைப் படிக்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்: அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 935 பெட்டிகள், கூடவோ குறைவோ, ஒவ்வொன்றிலும் 6 டின் தக்காளிக் கூழ்!

முதலாளி பெயர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை. கூண்டில் நிற்பது தக்காளி!

பின்னணியை ஓட்டிவிடுகிறேன். 1906-இல் ஓர் உணவுச் சட்டம், 1938-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. அழுகிய உணவோ, கெடுதலான பொருள் கலந்த உணவோ மாநிலம் விட்டு மாநிலம் போனால் பறிமுதல். அவ்வளவுதான்.

சரி, ஏன் டின் மேல் வழக்கு? முதலாளி தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று அலசி முடிப்பதற்குள் சரக்கு யார் வயிற்றுக்காவது போய்விடும். அதனால் சரக்கையே பிடித்துவிடுகிறார்கள். கடன் பாக்கிக்காகக் கப்பலைத் துறைமுகத்தில் பிடித்து வைப்பார்கள் அல்லவா? அந்தக் கடல் சட்ட நடைமுறையையே கூடியவரை பின்பற்றச் சொல்கிறது 1938 சட்டம். மார்ஷல், அதாவது நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி, வந்து டின்களைக் கைப்பற்றுவார். ஒரு தரப்பு கேட்டால் போதும், ஜூரி விசாரணையும் உண்டு. கோட்டு சூட்டு போட்ட வக்கீல்கள், எதிரே தக்காளி. கற்பனை செய்து பாருங்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1911-இன் முட்டை வழக்கு. செயின்ட் லூயிஸிலிருந்து இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் ஒரு பேக்கரிக்கு 50 டின் முட்டை போனது. கெடாமல் இருக்க உள்ளே போட்டது போரிக் அமிலம். ஆமாம், நாம் கேரம் போர்டில் தூவுகிற அதே பவுடர்தான்! பிடித்தார்கள். சரக்குதான் வந்து சேர்ந்துவிட்டதே, இனி அது மாநிலம் தாண்டிய வியாபாரம் இல்லையே என்று கம்பெனி மடக்கிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் மசியவில்லை.

அப்புறம் 1954, நியூயார்க், 449 பெட்டி தக்காளி விழுது. அழுகியிருந்தால் போதும், உடம்புக்குக் கெடுதல் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஒரு நீதிபதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் ஓட்டு தீர்ப்புக்குத்தான். காசு கொடுத்து யாராவது பூஞ்சை வாங்குவார்களா? நீங்கள் யார் பக்கம், கமென்டில் சொல்லுங்கள்.

தண்டனை? அழித்துவிடலாம். அல்லது உரிமையாளர் வழக்குச் செலவைக் கட்டி, பிணைப் பத்திரம் கொடுத்து, அதிகாரிகள் கண்ணெதிரே நல்ல சரக்கைப் பிரித்தெடுக்கலாம்.

அதாவது தக்காளிக்கு ஜாமீனும் உண்டு மக்களே! இதற்காவது ஒரு லைக் போடுங்கள்.