சரிபார்க்கும் வேலையை ஒப்படைத்துவிட முடியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"அரசியல் கூற்றுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு வாக்காளருக்கா, ஊடகங்களுக்கா?" என்பது இன்றைய கேள்வி. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரிடம் புள்ளிவிவரத்தைப் புரட்டச் சொல்வது நியாயமா, அதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்களே என்று எதிரணித் தலைவர் கேட்டபோது அரங்கம் கைதட்டியது. உண்மையைச் சொன்னால், நானும் தட்டினேன். ஆனால் அந்தச் சம்பளக்காரர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த ஓர் இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று பிரிட்டன் மக்கள் 2016 ஜூன் 23 அன்று வாக்களித்தார்கள். வாரந்தோறும் ஒன்றியத்துக்கு 35 கோடி பவுண்ட் அனுப்புகிறோம், அந்தப் பணத்தை நம் தேசிய மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று எழுதிய சிவப்புப் பேருந்து ஒன்றில் விலகல் அணியினர் நாடெங்கும் பிரசாரம் செய்தார்கள். பிரிட்டனுக்கு உரிய தள்ளுபடியைக் கழித்த பிறகே பணம் செலுத்தப்பட்டது என்பதால், அந்த 35 கோடி அப்படியே அனுப்பப்பட்டதே இல்லை. தள்ளுபடி போக எஞ்சிய சுமார் 25 கோடியிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் வட்டார வளர்ச்சி நிதியாகவும் திரும்பி வந்தது. அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையத்தின் தலைவரே, இந்தக் கணக்கு மக்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்று வாக்கெடுப்புக்கு முன்பே, மே மாதத்தில், எழுத்து மூலம் அறிவித்தார். பேருந்து நின்றதா? நிற்கவில்லை. திருத்தம் ஓர் அறிக்கையில் கிடந்தது, எண் தெருத்தெருவாகப் போனது. தேடி எடுத்துப் படிக்க வாக்காளர் முன்வராதபோது, சரிபார்த்தவரின் உழைப்பு யாருக்குப் பயன்பட்டது?

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கூற்றுகளைக் கேட்கச் செய்து அமெரிக்க உளவியலாளர்கள் 1977இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றுகள், அவை உண்மையானாலும் பொய்யானாலும், கேட்டவர்களுக்கு மேலும் மேலும் உண்மையாகவே தோன்றின. இந்த மயக்கம் நம் மனத்துக்குள் நடக்கிறது. அங்கே வந்து நமக்காகத் தடுக்க எந்தச் செய்தியாளராலும் முடியாது.

அடுத்து, எதிரணியினர் தொடாமல் விட்ட இடம். எண் சரியாக இருந்தும் சொல் ஏமாற்றலாம். வேலையின்மை 4 விழுக்காட்டிலிருந்து 6 ஆனால், "இரண்டே புள்ளி" என்பார் ஆளுங்கட்சிக்காரர். "ஐம்பது விழுக்காடு உயர்வு" என்பார் எதிர்க்கட்சிக்காரர். இருவரும் பொய் சொல்லவில்லை. 100இலிருந்து 90க்குச் சரிந்த உற்பத்தி மறு ஆண்டு பத்து விழுக்காடு வளர்ந்தால் 99தான் ஆகிறது. பழைய இடத்தைக்கூட எட்டாத அந்த ஆண்டையே சாதனை ஆண்டு என்று மேடையில் முழங்கலாம். எந்த ஆண்டோடு ஒப்பிட்டீர்கள், எதன் விழுக்காடு என்று கேட்க நிபுணத்துவம் வேண்டியதில்லை, பள்ளிக் கணக்கு போதும்.

நேரம் இல்லை என்பது எதிரணியின் கடைசி அரண். 2023 செப்டம்பர் 30 அன்று ஸ்லோவாக்கியாவில் தேர்தல். அதற்கு முந்தைய இரண்டு நாள் அங்கே அரசியல்வாதிகளும் ஊடகங்களும் பிரசாரப் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். சரியாக அந்த நேரத்தில், ஒரு கட்சித் தலைவர் தேர்தல் முறைகேடு பற்றிப் பேசுவதுபோன்ற போலி ஒலிப்பதிவு சமூக வலைத்தளங்களில் பரவியது. நீங்கள் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லும் ஊடகத்தின் வாய் கட்டப்பட்டிருந்த நேரம் அது. ஒலிப்பதிவோ வாக்காளரின் கைப்பேசியில் இருந்தது. முதலில் வெளியிட்டவர் யார், ஏன் இந்த இரண்டு நாளில் வந்தது என்று அப்போது கேட்டுப் பார்த்திருக்கக்கூடியவர் அந்தக் கைப்பேசியை வைத்திருந்தவரைத் தவிர வேறு யார் என்பதை, நடுவர் அவர்களே, எதிரணியினர் சொல்லட்டும்.