ஆயிரம் அடி ஆறு: ரிப்ளி ஊரின் இரவுப் படகுகள்

[திரையில்: இரவு. அகலமான ஆறு. எதிர்க்கரைக் குன்றின் உச்சியில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி.]

இது அமெரிக்காவின் ஒஹாயோ ஆறு. நாம் நிற்பது தெற்குக் கரையில், கென்டக்கி மாநிலத்தில். 1800களின் முதல் பாதி. இங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கலாம், விற்கலாம். சட்டமும் கூடவே நிற்கும். எதிரே தெரிவது ஒஹாயோ மாநிலம். அங்கே அடிமைமுறை கிடையாது. நடுவில் ஓடும் தண்ணீரின் அகலம் சுமார் 1,000 அடி. அந்தக் கரையில் இருக்கிற சின்ன ஊரின் பெயர் ரிப்ளி.

'அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்டவாளமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. தப்பி வந்தவர்களை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு என்று கனடா வரை கைமாற்றிவிட்ட ஆட்கள்தான் அந்த ரயில். நிஜ ரயில் அப்போது புதுசு. அதனால் ஒளித்துவைக்கும் வீட்டை 'ஸ்டேஷன்' என்றும் கூட்டிப்போகிறவரைக் 'கண்டக்டர்' என்றும் பேசிக்கொண்டார்கள். தலைமை அலுவலகம், உறுப்பினர் பட்டியல் எதுவும் இல்லை. போர்வைத் தையலில் ரகசிய வழிக்குறிப்பு வைத்தார்கள் என்றுகூட ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

[திரையில்: குன்றின் மேல் செங்கல் வீடு. கீழிருந்து ஏறும் நீண்ட படிக்கட்டு.]

சரி, அந்த வெளிச்சம் யாருடையது? ஜான் ராங்கின் என்ற பாதிரியாருடையது. டென்னசியில் பிறந்தவர், 1822இல் ரிப்ளிக்கு வந்தார். வர்ஜீனியாவில் இருந்த தன் சகோதரர் தாமஸ் அடிமைகளை வாங்கிவிட்டார் என்று தெரிந்ததும், அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அதையும் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை, உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சிட்டார். 1826இல் அது புத்தகமாகவே வந்தது. தாமஸ் கடைசியில் தன் அடிமைகளை விடுவித்தார்.

1820களின் கடைசியில் ராங்கின் குடும்பம் ஆற்றோரத்திலிருந்து குன்றின் மேல் இந்த வீட்டுக்குக் குடியேறியது. 13 பிள்ளைகள். ராத்திரி கதவு தட்டப்பட்டால் மனைவி ஜீன் சாப்பாடு கொடுப்பார். பெரிய பையன்கள் குதிரை பூட்டி, வந்தவர்களை ரெட் ஓக், சார்டினியா என்ற அடுத்த ஊர்கள் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். 1838 பிப்ரவரியில் உருகத் தொடங்கிய பனிக்கட்டி மேல் கைக்குழந்தையோடு ஆற்றைத் தாண்டி வந்த ஒரு பெண்ணும் இந்த வீட்டுக்குத்தான் வந்தார் என்பார்கள். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் வருகிற எலிசா, அந்தப் பெண்ணை வைத்து உருவானவள்.

ஆக, ஆற்றைத் தாண்டினால் விடுதலை என்றுதானே தோன்றுகிறது? அப்படி இல்லை. அடிமைமுறை இல்லாத ஒஹாயோவில்கூட, 1807ஆம் ஆண்டுச் சட்டப்படி, கறுப்பினத்தவர் ஒருவர் குடியேற 500 டாலருக்குப் பிணை காட்ட வேண்டும். ஆள் பிடிக்கிறவர்கள் ரிப்ளி தெருக்களிலேயே திரிந்தார்கள். 1841இல் ராங்கின் வீட்டையே ஒரு கும்பல் இரவில் வந்து தாக்கியது. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் இதையெல்லாம் மிஞ்சியது. உதவி செய்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவரின் வழக்கை விசாரிக்கிற அதிகாரிக்கு, திருப்பி அனுப்பினால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, அதனால்தான் கூடுதல் என்று காரணம் சொன்னார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

[திரையில்: ஆற்றோரத் தெரு. இரும்பு உருக்கும் உலையின் சிவப்பு வெளிச்சம்.]

குன்றின் விளக்கு வெகுதூரத்துக்குத் தெரிந்தது, பெயரும் வாங்கியது. ஆனால் விளக்கு படகு ஓட்டாதே. கென்டக்கிக் கரைக்கே போய் ஆளைக் கூட்டிவர யாராவது வேண்டும். ரிப்ளியில் அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜான் பார்க்கர்.

1827இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். எட்டு வயதில் விற்கப்பட்டு, சங்கிலியில் கட்டி அலபாமாவின் மொபீல் நகரம் வரை நடத்திக் கொண்டுபோகப்பட்டார். அங்கே இரும்பு வார்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, கூலியில் மிச்சம்பிடித்து, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத் தானே வாங்கினார். அப்புறம் ரிப்ளிக்கு வந்து சொந்தமாக ஃபவுண்டரி வைத்தார். புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்குப் பின்னாளில் காப்புரிமைகூட வாங்கினார். பகலில் மதிப்பான தொழிலதிபர். ராத்திரியில் படகு.

அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மறக்காது. கென்டக்கியில் ஒரு கணவன், மனைவி, கைக்குழந்தை. இவர்கள் ஓடிவிடுவார்கள் என்று எஜமானுக்குச் சந்தேகம். என்ன செய்தான்? ராத்திரியில் குழந்தையைத் தன் கட்டிலின் கால்மாட்டில் போட்டுக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் மெழுகுவர்த்தி, கைத்துப்பாக்கி. குழந்தையை விட்டுவிட்டுத் தாய் எங்கே போவாள் என்ற கணக்கு. பார்க்கர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் தவழ்ந்து போனார். குழந்தையைத் தூக்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது, மெழுகுவர்த்தி அணைந்தது. இருட்டிலேயே ஓட்டம். கடைசியில் தாய், தகப்பன், குழந்தை மூவரையும் படகில் ஏற்றிவிட்டார்.

அந்த எஜமானின் மகன் பார்க்கரின் ஃபவுண்டரியிலேயே வேலை செய்தவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தான் கொண்டுவந்தவர்களின் பெயர், தேதி எல்லாவற்றையும் பார்க்கர் ஒரு நோட்டில் குறித்து வந்தார். 1850 சட்டம் வந்ததும் அந்த நோட்டே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. குடும்பம் இருக்கிறது, சொத்து இருக்கிறது. நோட்டைத் தன் உலையிலேயே போட்டு எரித்தார்.

[திரையில்: முழு இருட்டு. துடுப்புச் சத்தம் மட்டும்.]

கடைசியாக ஒருவர். இவர் பார்க்கரைப் போலச் சுதந்திரமானவர்கூட இல்லை.

ஆர்னால்ட் கிராக்ஸ்டன். கென்டக்கியின் மேசன் கவுண்டியில் அடிமை. 19 வயது இருக்கும்போது பக்கத்துப் பண்ணைக்கு ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார். காதல் விஷயம்தான். அங்கே ஒரு கிழவி, "இந்தப் பொண்ண அக்கரையில விட்டுட்டு வர்றியா?" என்று கேட்டாள். அவருக்குக் குலைநடுங்கியது. மாட்டேன் என்று சொல்லப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் இரவு படகை எடுத்தார். நீரோட்டம் பலம், கையும் காலும் நடுங்கின. ரிப்ளிக் கரையில் இரண்டு பேர் இருட்டிலிருந்து கை நீட்டி அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் இவர் கையையும் பிடித்தார். தொலைந்தோம் என்று நினைத்தார் கிராக்ஸ்டன். "பசிக்குதாடா தம்பி?" என்றார் அந்த ஆள். அவர் பிடித்திருக்காவிட்டால் ஆற்றில் மல்லாந்து விழுந்திருப்பேன் என்று பிற்பாடு சொன்னார்.

சாப்பிட்டுவிட்டு? கென்டக்கிக்கே திரும்பிவிட்டார். பகலில் எஜமானின் வயலில் வேலை, மாதத்துக்கு மூன்று நான்கு தடவை படகு. இப்படி நான்கு வருடம். 1863இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்தது. உள்நாட்டுப் போரில் அமெரிக்காவை விட்டுப் பிரிந்துபோன மாநிலங்களுக்கு மட்டுமான பிரகடனம் அது; கென்டக்கி பிரிந்துபோகாத மாநிலம் என்பதால் அங்கே அது செல்லாது. எனவே படகும் நிற்கவில்லை. அந்த வருடம் ஓரிரவு படகு போட்டுவிட்டுத் திரும்பியவரை ஆட்கள் துரத்த ஆரம்பித்தார்கள். காட்டிலும் வயலிலும் ஒளிந்து திரிந்தார். பிறகு ஒரு ராத்திரி மனைவியைக் கூட்டிக்கொண்டு, தானே பயணியாக ஆற்றைக் கடந்து, டெட்ராய்ட் வரை போய்ச் சேர்ந்தார்.

1930களில் அரசாங்க எழுத்தாளர்கள் முன்னாள் அடிமைகளைத் தேடித்தேடிப் பேட்டி எடுத்தபோது அவர் ஃபுளோரிடாவில் இருந்தார். வயது 97. நிலவு இல்லாத ராத்திரிகளில், வெட்டவெளியிலோ விளக்கு இல்லாத வீடுகளிலோதான் ஆட்களைச் சந்தித்தாராம். அதனால் அந்த முதல் பெண்ணுக்குப் பிறகு வந்தவர்கள் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. சரியான ஆள்தானா என்று எப்படித் தெரியும்? இருட்டைப் பார்த்து, "என்ன சொல்றே?" என்று கேட்பார்.

"மெனாரே" என்று பதில் வர வேண்டும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது. பைபிளில் இருந்து வந்த சொல் என்று மட்டும் சொன்னார்.