பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மெழுகு முத்திரை வைத்த புட்டி, நாடா கட்டிய டப்பா, தங்க எழுத்தில் பெயர் போட்ட அட்டைப்பெட்டி. உயர்தர உணவு என்று தனி அலமாரியில் அடுக்கியிருக்கும் இந்தப் பொருள்களுக்கு அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா? இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலவற்றுக்குத் தகும், பலவற்றுக்குத் தகாது. எதற்குத் தகும் என்பது பெட்டியின் முன்பக்கத்தில் இருக்காது, பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கும்.

தகுந்தவற்றை முதலில் பார்ப்போம். விலை அதிகம் என்றாலே ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அது நியாயமில்லை. குங்குமப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள். அவற்றைக் கையால்தான் கிள்ளி எடுக்க வேண்டும். காயவைத்து ஒரு கிராம் சேர்வதற்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும். செடி பூப்பதோ ஆண்டில் சில வாரங்கள் மட்டும்தான். அத்தனை பேரின் உழைப்புக்கும் சேர்த்துத்தான் விலை. அதனால்தான் குங்குமப்பூ மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். வேறு இழைகளுக்குச் சாயமேற்றிக் கலப்பது மிகப் பழைய தந்திரம். தூளாக வாங்காமல் இழையாகவே வாங்குங்கள், தூளில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

வெனிலாவும் இப்படித்தான். அது ஓர் ஆர்க்கிட் கொடி. ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அதன் தாயகமான மெக்சிகோவுக்கு வெளியே கொண்டுபோய் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்க ஆளில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியையும் கட்டைவிரலையும் வைத்தே அதைச் செய்துகாட்டினான். இன்றைக்கும் தோட்டங்களில் பூவுக்குப் பூ கையால்தான் மகரந்தம் சேர்க்கிறார்கள். காய் முற்ற எட்டொன்பது மாதம் ஆகும், பறித்தபின் வாட்டிப் பதப்படுத்த மேலும் சில மாதங்கள். ஒரு காயின் விலை அதிகமாகத் தெரியும்போது, அந்தச் சிறுவனையும் அவன் கண்டுபிடித்த வேலையை இன்றும் செய்துகொண்டிருப்பவர்களையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சரி, நல்ல வெனிலா என்பதால் எல்லாவற்றிலும் அதைப் போடலாமா? வேண்டாம். பிஸ்கட் போல அதிக சூட்டில் வேகும் பண்டங்களில் அதன் நுண்ணிய மணங்களில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது வெனிலின் என்ற ஒரு பொருளின் மணம். அதை 1874லேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள், மலிவான எசென்ஸிலும் அதுதான் இருக்கிறது. ஐஸ்கிரீம், கஸ்டர்ட் போன்ற மென்மையான பண்டங்களுக்கு அசல் காயை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும். விலை உயர்ந்த எந்தப் பொருளை வாங்கும்போதும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: நாக்கு இதை நேராகத் தொடுமா, இல்லை வேறு பத்துப் பொருள்களுக்குள் இது காணாமல் போய்விடுமா?

உப்பில் இது இன்னும் தெளிவு. இளஞ்சிவப்பு உப்போ, கடலோரத்தில் கையால் அள்ளிய உப்போ, பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். கொதிக்கும் நீரில் போட்டதும் எல்லாம் ஒன்றாகிவிடும். சாப்பிடும் நேரத்தில் மேலே தூவினால் மட்டும், பெரிய படிகங்கள் பல்லில் நொறுங்கும் சுகம் உண்டு. அதற்கு ஒரு சிறு டப்பா போதும். அயோடின் சேர்த்த சாதாரண உப்பை விட்டுவிடாதீர்கள், அழகிய உப்புகள் பலவற்றில் அயோடின் சேர்ப்பதில்லை.

இனி எனக்குக் கோபம் வரும் இடம், ட்ரஃபிள் எண்ணெய். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் வளரும் அரிய காளான். நாயைக் கூட்டிக்கொண்டு போய் மோப்பம் பிடித்துத் தேடி எடுக்கிறார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் ட்ரஃபிள் எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் கொடுப்பது 2,4-டைதயாபென்டேன் போன்ற, ஆய்வகத்தில் செய்த மணப்பொருள். சில புட்டிகளில் காளான் துண்டு ஒன்று மிதக்கும், அது பெரும்பாலும் காட்சிக்குத்தான். புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்பொருள் பட்டியலில் 'மணமூட்டி' என்று இருந்தால் சாதாரண எண்ணெயையும் ஒரு துளி வாசனையையும் அரிய காளானின் விலைக்கு விற்கிறார்கள் என்று பொருள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும், சேர்பொருள்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் எழுதுவார்கள். உயர்ரக சாக்லேட் என்ற பெட்டியில் சர்க்கரை முதலிடத்திலும் கோகோ வெகு பின்னாலும் இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சர்க்கரை.

பெட்டியே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆலிவ் எண்ணெய்க்கு வெளிச்சம் ஆகாது. அதனால் கரும்பச்சைக் கண்ணாடியோ தகரமோ அதற்கு உண்மையான பாதுகாப்பு. செதுக்கு வேலை செய்த தெளிந்த கண்ணாடிப் புட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கடை விளக்கின் கீழே நாள்கணக்கில் நின்று எண்ணெயைக் கெடுக்கும். இத்தாலியில் உள்ள மோடெனா ஊரின் பாரம்பரிய பால்சாமிக் வினிகர் வேறு விதம். காய்ச்சிய திராட்சைச் சாற்றை மட்டும் வைத்து, மரப் பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு முதிரவைத்து, ஒரே வடிவமுள்ள 100 மில்லி புட்டியில்தான் விற்க வேண்டும் என்பது விதி. அங்கே புட்டியின் வடிவமே ஒரு சாட்சி. அதே ஊர்ப் பெயரோடு வரும் சாதாரண பால்சாமிக்கில் ஒயின் வினிகர் கலந்திருக்கும், 60 நாள் பதப்படுத்தினாலே போதும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் நம் மனதையும் கவனிக்க வேண்டும். 2008இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரே ஒயினை, ஒரு முறை 10 டாலர் என்றும் மறு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது குடித்தவர்கள் கூடுதலாக ரசித்தார்கள். இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடியது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அதிகம் ரசித்தார்கள். இதனால்தான் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்கிறேன். விலை அதிகமானதையும் வழக்கமாக வாங்குவதையும் பெயர் தெரியாத இரண்டு கிண்ணங்களில் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் நாக்கு பிரித்துச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பணத்தை வேறு நல்ல பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம். பரிசு கொடுப்பதற்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அங்கே பெட்டியின் அழகும் பரிசில் சேர்த்திதான்.

வாங்கிய பிறகு பலர் செய்யும் ஒன்று என்னை வருத்துகிறது. இவ்வளவு விலை கொடுத்தோமே என்று அலமாரியில் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். ஆலிவ் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும், குங்குமப்பூ மணம் இழக்கும். பால்சாமிக் வினிகர் தாங்கும், மற்ற பெரும்பாலானவை தாங்காது. ஆகவே சின்னப் புட்டியாக வாங்குங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், விருந்தாளி வரும்வரை காத்திருக்காமல் வாங்கிய வாரமே திறந்துவிடுங்கள். திறந்த தேதியை அந்த அழகான லேபிளின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.