தும்மலும் ஜெபமும்: ஸ்பானியத்தில் கடவுள் பெயர்

(கொடைக்கானலில் மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். இயேசு சபையார் கால்பதித்த செண்பகனூர் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மலையில் சவேரியார், இஞ்ஞாசியார் பெயர்கள் உங்களுக்குப் பழக்கமானவை. அந்தப் புனிதர்கள் இருவரும் பிறந்தது இன்றைய ஸ்பெயின் மண்ணில். ஆகவே உங்களுக்கு ஸ்பானியம் அந்நியமில்லை.

ஆங்கிலப் படத்தில் ஒருவன் காலை இடித்துக்கொண்டு 'ஜீசஸ்!' என்று கத்துகிறான். அதை ஸ்பானியத்தில் மொழிபெயர்க்கும்போது அப்படியே 'ஹெசூஸ்!' என்று எழுதினால், மாட்ரிட்காரருக்கு முதலில் தும்மல்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒருவர் தும்மினால் பக்கத்திலிருப்பவர் சொல்வது அது. நம் வீட்டில் 'நூறு வயசு' என்பார்களே, அந்த மாதிரி. மெக்சிகோவில் தும்மலுக்கு 'சலூத்', அதாவது ஆரோக்கியம். சரி, கால் இடித்ததற்கு என்ன செய்வது? ஸ்பெயின்காரர் வாயில் சட்டென்று வருவது 'ஓஸ்தியா'. பூசையில் வாங்குகிறோமே, நற்கருணை அப்பம், அதுவேதான்! முன்வரிசையில் சிஸ்டர் முகம் சுளிக்கிறார். நான் கண்டுபிடித்த வசை இல்லை அம்மா. அட்லாண்டிக்கைத் தாண்டினால் அந்த வழக்கு எடுபடாது. அதனால் பேனாவை எடுக்குமுன் 'எந்த ஊருக்கு?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் நண்பனைக் கூப்பிடும் 'டியூட்' கதையும் இதுவே. ஸ்பெயினில் 'தியோ', மாமா அல்லது சித்தப்பா. மெக்சிகோவில் 'வெய்'; எருதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டிலும் திட்டு இல்லை, பாசம்தான்.

சிக்கல் முற்றுவது 'யூ'வில். ஆங்கிலத்துக்கு அது ஒன்றே போதும். ஸ்பானியத்தில் நெருங்கியவருக்குத் 'தூ', மரியாதைக்கு 'உஸ்தெத்'. ஜெபத்தில் கடவுள் 'தூ', அலுவலகத்தில் அதிகாரி 'உஸ்தெத்'. பழனி முருகனை 'நீ வா' என்று கூப்பிடுகிற நமக்கு இது விளங்கும். தாசில்தாரை அப்படிக் கூப்பிட முடியுமா?

பன்மையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. காசியோதோரோ தெ ரெய்னாவின் ஸ்பானிய வேதாகமம் 1569-இல் வந்தது. முகப்பில் தேனுக்கு எட்டும் கரடி, அதனால் 'கரடி பைபிள்' என்று பெயர். 1602-இல் வலேரா அதைத் திருத்தினார். அந்த வழியில் வந்த 1960 பதிப்பை லத்தீன் அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் சபைகள் பல இன்றும் வாசிக்கின்றன. அதில் 'நீங்கள்' என்பது 'வொசோத்ரோஸ்'. அங்கே தெருவில் அதை யாரும் பேசுவதில்லை, எல்லாருக்கும் 'உஸ்தெதெஸ்'தான். வாலிபர் கூட்ட நோட்டீசில் 'சாயங்காலம் பந்து விளையாட எல்லாரும் வாங்க' என்பதை வொசோத்ரோஸில் எழுதினீர்களோ, 'தேவரீர் பந்தாட எழுந்தருளும்' என்றாகிவிடும்.