அலி ஏன் ஓரடி முன்னால் வைக்கவில்லை?

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் நரைத்த தலைகள் நிறையத் தெரிகின்றன. அந்தத் தைரியத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்தாரே, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டு கை. மூன்று. ஐயா, நீங்கள் பாதிக் கையைத்தான் தூக்குகிறீர்கள். வெளியே நின்று கூச்சலை மட்டும் கேட்டீர்களா? சரி, அதுவும் கணக்குதான். (சிரிப்பு)

அன்றைக்கு எம்.ஜி.ஆரோடு நின்று படம் எடுத்துக்கொண்ட அந்த மனிதரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் குத்துச்சண்டை பற்றி அல்ல. அதில் எனக்கு ஜாப் எது, ஹுக் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவர் எடுத்து வைக்க மறுத்த ஓரடியைப் பற்றிப் பேசுகிறேன்.

1967 ஏப்ரல் 28. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம், சான் ஜசின்டோ தெருவில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் மையம். உடல் பரிசோதனை முடிந்து இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வர வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. அந்த ஓரடியை வைத்துவிட்டால் நீங்கள் படைவீரர், அதற்குப் பிறகு உங்கள் மேல் ராணுவச் சட்டம் பாயும். ‘கேஷியஸ் கிளே’ என்று கூப்பிட்டார்கள். அவர் மூன்று வருஷத்துக்கு முன்பே கழற்றிப் போட்ட பெயர் அது. ஆள் நகரவில்லை. ஓர் அதிகாரி தனியே அழைத்துப்போய், ஐந்து வருஷம் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று எடுத்துச் சொன்னார். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் நகரவில்லை. காரணத்தை எழுதிக் கொடு என்றார்கள். நான் இஸ்லாமிய மதத்தின் போதகர், அதனால் எனக்கு விலக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கே நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவருடைய உரிமத்தை நிறுத்தி வைத்தது. உலகப் பட்டத்தையும் பறித்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, குற்றச்சாட்டுகூட இன்னும் பதிவாகவில்லை. அவருக்கு வயது 25.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வாருங்கள். அதில் வியட்நாம் என்ற சொல் இல்லை. கறுப்பர், வெள்ளையர் என்ற பேச்சே இல்லை. இன்று நாம் அலியைக் கொண்டாடுகிற காரணம் எதுவும் அதில் இல்லை. ‘நான் ஒரு மதப் போதகர்’ என்பது மட்டும்தான். அப்படியானால் அவர் மறுத்தது எதற்காக? இந்தக் கேள்வியை அவருடைய எதிரிகளும் கேட்டார்கள், நீதிமன்றமும் கேட்டது, அவருடைய நண்பர்கள்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே பதில் கிடையாது. அவருக்கே அந்தக் காரணம் தவணை தவணையாகத்தான் வந்து சேர்ந்தது என்பது என் கட்சி.

முதல் தவணையைப் பார்ப்போம். 1964இல் சோனி லிஸ்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கிய சமயத்தில், ராணுவம் வைத்த அறிவுத்திறன் தேர்வில் அலி தேறவில்லை. படைக்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊரே சிரித்தது. ‘நான் ஆகப் பெரியவன் என்றுதான் சொன்னேன், ஆக புத்திசாலி என்று சொல்லவில்லையே’ என்று அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். பிறகு வியட்நாமில் ஆள் போதவில்லை. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மாணவர் மாறவில்லை, பாஸ் மார்க் மாறியது. 1966 பிப்ரவரியில் அலி ‘தகுதியுள்ளவர்’ ஆகிவிட்டார்.

செய்தி வந்தபோது அவர் மயாமியில் இருந்தார். நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? இத்தனை பேர் இருக்க என்னை ஏன் பிடிக்கிறார்கள், நான் எவ்வளவு வரி கட்டுகிறேன், அந்தப் பணத்தில் எத்தனை விமானம் வாங்கலாம் என்றெல்லாம் பொருமினார். இதில் தத்துவம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனை விட்டுவிட்டு என் வீட்டுத் தண்ணீர்க் குழாயை மட்டும் துண்டித்துவிட்டார்களே என்று நாம் புலம்புவோமே, அந்த ரகம். நாள் முழுக்கத் துளைத்தெடுத்த பிறகு, அலுத்துப்போய், அந்த வாக்கியம் வாயிலிருந்து விழுந்தது: ‘எனக்கும் அந்த வியட்காங்குகளுக்கும் ஒரு சண்டையும் இல்லை.’ வியட்காங் என்றால் வியட்நாமில் அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்டவர்கள்.

மறுநாள் பத்திரிகைகள் கொதித்தன. அடுத்த போட்டியை நடத்த ஊர் ஊராக மறுத்தார்கள். கடைசியில் எல்லை தாண்டிக் கனடாவில் டொராண்டோவுக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறோம் என்ற பேச்சும் வந்தது. அவர் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு ஆள் சுவாரஸ்யமாகிறார். எரிச்சலில் வந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் ‘திரும்ப வாங்கு’ என்று நெருக்குகிறார்கள். வாங்க மறுத்தவருக்கு, அதை ஏன் சொன்னோம் என்று யோசித்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

யோசிக்க அவருக்கு இரண்டு ஊற்றுகள் இருந்தன. ஒன்று, அவர் சேர்ந்திருந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்ற கறுப்பின முஸ்லிம் இயக்கம். அதன் தலைவர் எலைஜா முகம்மது இரண்டாம் உலகப் போரின்போது படைக்குப் பதிவு செய்ய மறுத்துச் சிறைக்குப் போனவர். இறைவன் அறிவிக்காத போரில் நமக்கு வேலை இல்லை என்பது அவர்களுடைய போதனை. ஆக, தலைவர் சொன்னார், சீடர் கேட்டார் என்று முடித்துவிடலாம். நிறைய பேர் அப்படித்தான் முடித்தார்கள்.

இன்னொரு ஊற்று அவர் பிறந்த லூயிவில். 1967 வசந்தத்தில் அங்கே கறுப்பர்கள் விரும்பிய இடத்தில் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் உரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்திருந்தார். அலியும் போனார். எங்கள் ஊரில் எங்கள் ஆட்களை நாயைப் போல நடத்துகிறார்கள், நான் பத்தாயிரம் மைல் தள்ளிப் போய் அங்கிருக்கும் பழுப்பு நிற மக்கள் மேல் குண்டு போட வேண்டுமா என்று அங்கே கேட்டார். வியட்நாமியர் யாரும் என்னை, கறுப்பரை இழிவுபடுத்தும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்றும் பிறகு ஒருமுறை சொன்னார். அந்தப் பெயரை இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. அந்த மாதிரிச் சொற்கள் நம் ஊரிலும் உண்டு, கேட்டவர்களுக்குத் தெரியும்.

அவரைப் புனிதர் ஆக்கிவிடாதீர்கள். அதே 1967 பிப்ரவரியில், தன்னை ‘கிளே’ என்றே கூப்பிட்ட எர்னி டெரல் என்ற கறுப்பின வீரரை, ‘என் பேரென்ன?’ என்று கேட்டுக் கேட்டு வளையத்துக்குள் வதைத்தார். தனக்கு வழிகாட்டியாக இருந்த மால்கம் எக்ஸ் இயக்கத்தை விட்டு விலகியதும் முகம் திருப்பிக்கொண்டார். அதற்குக் கடைசிவரை வருந்தினார்.

அவரை எதிர்த்தவர்களும் எல்லோரும் வெள்ளையர்கள் அல்ல. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் கடுமையாகக் கண்டித்தார். யார் இந்த ராபின்சன்? 1944இல் ராணுவத்தில் இருந்தபோது, பஸ்ஸில் பின்னால் போய் உட்கார மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, விடுதலையானவர். பயந்தாங்கொள்ளி இல்லை. அவருடைய மகன் வியட்நாமில் காயம்பட்டவன். அங்கே போராடும் கறுப்பு இளைஞர்களின் மனம் உடையாதா என்று ஒரு தகப்பன் கேட்கிறார். எனக்கு இதை அலட்சியமாகத் தள்ள முடியவில்லை. இன்னொருவர் ஜோ லூயிஸ், முன்னாள் உலகச் சாம்பியன். இரண்டாம் உலகப் போரில் சீருடை போட்டவர். 1942இல் இரண்டு போட்டிகளின் வருமானத்தை ராணுவ, கடற்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தவர். பின்னாளில் அதே அரசின் வருமான வரித்துறை அவரைப் பல வருஷம் துரத்தியது. அலிக்கும் அந்தச் சீருடைதான் காத்திருந்தது. அவரைப் பதுங்குகுழிக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். முகாம் முகாமாகப் போய்க் காட்சிப் போட்டி ஆடிவிட்டு வந்திருப்பார். ஆகவே உயிர்ப்பயத்தில் மறுத்தார் என்பவர்கள் கணக்குப் போடத் தெரியாதவர்கள். அவருக்கு ஆபத்தான இடம் ராணுவமல்ல, சிறைதான்.

அந்த ஜூனில் கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுன், பில் ரஸ்ஸல், இன்று கரீம் அப்துல் ஜப்பார் என்று நாம் அறிகிறவர் எனக் கறுப்பின விளையாட்டு வீரர்கள் கூடி, கதவைச் சாத்திக்கொண்டு அலியைக் குடைந்தார்கள். சிலர் தாங்களே ராணுவத்தில் இருந்தவர்கள். வெளியே வந்தபோது அவர் பக்கம் நின்றார்கள். எனக்கு அலியைப் பற்றிக் கவலை இல்லை, மற்ற எங்களைப் பற்றித்தான் கவலை என்று ரஸ்ஸல் எழுதினார்.

ஜூன் 20. ஹூஸ்டன் நீதிமன்றம். ஜூரியில் அத்தனை பேரும் வெள்ளையர். 21 நிமிஷம் கூடிப் பேசிக் குற்றவாளி என்றார்கள். நீதிபதி உச்சபட்ச தண்டனை கொடுத்தார்: ஐந்து வருஷம், பத்தாயிரம் டாலர். பாஸ்போர்ட்டும் போயிற்று. மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் உள்நாட்டில் உரிமம் கிடையாது, வெளிநாடு போக வழி கிடையாது. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிச் சம்பாதித்தார்.

1969இல் வேடிக்கை ஒன்று நடந்தது. பணத்துக்காக மறுபடி சண்டை போடுவேன் என்று தொலைக்காட்சியில் சொன்னதற்காக, எலைஜா முகம்மது அவரை இயக்கத்திலிருந்து ஒதுக்கி வைத்தார். தான் கொடுத்த பெயரையும் திரும்ப எடுத்துக்கொண்டார். தலைவர் சொல்லித்தான் மறுத்தார் என்பது உண்மையானால், ராணுவத்தோடு சமாதானமாகப் போக இதைவிட நல்ல நேரம் ஏது? தலைவர் கைவிட்டார், வருமானம் இல்லை, சிறை காத்திருக்கிறது. அலி ஓரங்குலம் நகரவில்லை. அந்த மறுப்பு யாருடைய கட்டளையாகவோ தொடங்கியிருந்தாலும், அதற்குள் அவருடைய சொந்தச் சொத்தாகிவிட்டது.

சரி, சட்டம் என்ன சொன்னது? போருக்கு மனச்சான்று காரணமாக விலக்குக் கேட்பவருக்கு மூன்று சல்லடைகள். எல்லாப் போரையும் எதிர்க்க வேண்டும். எதிர்ப்பு சமய நம்பிக்கையிலிருந்து வர வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும். 1966இலேயே லாரன்ஸ் கிரௌமன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி அலியை விசாரித்து, இவர் உண்மையாகத்தான் நம்புகிறார், விலக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். நீதித்துறை அமைச்சகமோ, இவர் மூன்றிலுமே தேறவில்லை என்று மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுதியது. வாரியம் ஒரு வரி காரணம்கூடச் சொல்லாமல் மனுவைத் தள்ளியது.

1971 மார்ச் 8ஐ நினைத்துப் பாருங்கள். அதற்குள் மறுபடி குத்துச்சண்டை மேடை ஏறியிருந்த அலி, அன்றிரவு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ பிரேசியரிடம் தோற்றார். அதே நாளில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இந்தப் போர் வேண்டாம், வேறு போர் என்றால் சரி என்பவர்களுக்கு விலக்கு கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஒரே நாளில் இரண்டு குத்து. ஏனென்றால் புனிதப் போர் என்றால் போவேன் என்று அலியின் இயக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

அலியின் வழக்கில் நீதிபதிகள் முதலில் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத்தான் இருந்தார்கள். தீர்ப்பை எழுதும் பொறுப்பு நீதிபதி ஹார்லனிடம் வந்தது. அவருடைய உதவியாளர்கள் இஸ்லாம் இயக்கத்தின் போதனைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்தார், மனம் மாறினார். நாலுக்கு நாலு ஆயிற்று. அப்படியே விட்டால் தண்டனை நிற்கும். நீதிபதி ஸ்டூவர்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று சல்லடையில் இரண்டில், அதாவது சமய நம்பிக்கையிலும் உண்மையிலும், அலி தேறுகிறார் என்று அரசே இப்போது ஒப்புக்கொள்கிறது. வாரியம் எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்று எங்கேயும் எழுதவில்லை. தப்பான காரணத்துக்காக மறுத்திருக்கலாம் அல்லவா? ஆகவே தண்டனை செல்லாது. 1971 ஜூன் 28 அன்று 8க்கு 0 என்று விடுதலை. ஐந்து வருஷமாக அரசு அலியிடம் ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் நீதிமன்றம் அரசிடம் ‘ஏன்?’ என்று கேட்டது. அரசிடம் பதில் இல்லை. வழக்கின் பெயர் மட்டும் ஏட்டில் கடைசிவரை ‘கிளே’ என்றே நின்றுவிட்டது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் ஏமாற்றம்தான். லூயிவில்லில் அவர் கேட்ட கேள்வியை எந்த நீதிபதியும் தொடவில்லை. சட்டத்தின் சல்லடையில் சமயம் மட்டும்தான் தங்கும். தெருவில் வாங்கிய அவமானம் கீழே விழுந்துவிடும்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியைத் தொடுகிறார். 1980க்குத் திரும்பி முடித்துக்கொள்கிறேன். நீங்கள் நேரு ஸ்டேடியத்தில் பார்த்தீர்களே, அந்த இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவே அலிக்கு அமெரிக்க அதிபர் கார்ட்டரிடமிருந்து அழைப்பு வந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்துவிட்டது, மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டும். ஒரு காலத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிய அரசு இப்போது விமானம் வைத்து அனுப்புகிறது. தான்சானியாவில் இறங்கினார். அதிபர் நைரேரே பார்க்க மறுத்துவிட்டார். அங்கிருந்த நிருபர்கள், 1976 ஒலிம்பிக்கை ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தபோது உங்கள் நாடு எங்களோடு நின்றதா என்று கேட்டார்கள். அலிக்கு அந்த விஷயமே தெரியாது. என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லையே, என்னைத் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்களோ, அப்படி என்று தெரிந்தால் பயணத்தை ரத்து செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஆனால் திரும்பவில்லை. அங்கிருந்து கென்யாவுக்குப் போனார்.

வணக்கம்.