கசக்கிய கைகளைத் தேடிச் சென்ற கலைஞர்

விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு இடையிலும் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து அமர்ந்திருக்கும் வணக்கத்திற்குரிய மேயர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, கவின்கலைக் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த பேராசிரியர் அம்மையார் அவர்களே, இன்றைய காலைப் பணியை முடித்துவிட்டுச் சீருடையோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தூய்மைப் பணியாளர் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு அணிவிக்கப்பட்ட பொன்னாடையை, விழாக் குழுவினரின் இசைவோடு, முதல் வரிசையில் இருக்கும் மூத்த பணியாளர் அம்மாவுக்கு அணிவிக்க விரும்புகிறேன். அதற்கான காரணத்தை என் உரையே சொல்லும்.

மரபை மீறிய சமகாலக் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் தேர்ந்துகொண்டவர் அமெரிக்காவின் மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ் அம்மையார். அவருடைய வாழ்க்கை, அவருடைய படைப்புகள், ஃபிரெஷ் கில்ஸ் என்னும் மாபெரும் குப்பை மேட்டில் அவர் ஆற்றிய பணி ஆகிய மூன்றையும் சொல்ல எண்ணியுள்ளேன். இவற்றுக்கு முன்னால், என்னோடு பழகியவர்கள் பலமுறை கேட்டுச் சலித்திருக்கக்கூடிய ஒரு பழமொழியையும் சொல்லிவிடுகிறேன்: ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு.’ கட்டியவரின் மானத்தை நாம் காலங்காலமாகப் பாராட்டி வந்திருக்கிறோம். கசக்கியவர் யார் என்று கேட்டதில்லை. இந்த அம்மையார் அதைக் கேட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே கலை செய்தார்.

1939-இல் டென்வர் நகரில், யூத மதகுரு ஒருவரின் மகளாக அவர் பிறந்தார். நியூயார்க்கில் கலை பயின்றார். 1968-இல் முதல் குழந்தை பிறந்தது. அவர் கருவுற்றிருந்த காலத்திலேயே, இனி உன்னால் கலைஞராக இருக்க முடியாது என்ற பொருள்பட அவருடைய ஆசிரியர் ஒருவர் சொன்னதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தைக்குத் துணி மாற்றுவதும், பாத்திரம் கழுவுவதும், தரையைத் துடைப்பதும் நாள் முழுவதையும் விழுங்கின; எஞ்சிய நேரத்தில்தான் கலை. தான் இரண்டு துண்டாகப் பிளந்து கிடப்பதாக உணர்ந்த அவர், 1969-இல் ஒரே அமர்வில் ‘பராமரிப்புக் கலைக்கான அறிக்கை’ என்ற நான்கு பக்க அறிக்கையை எழுதினார். உலகில் நடப்பவை எல்லாம் இரண்டு வகை என்றார். ஒன்று புதிதாக ஆக்குவது, மற்றொன்று ஆக்கியதைப் பேணுவது. முதலாவதற்கே புகழ் அனைத்தும் போகிறது; இரண்டாவதற்கோ குறைந்த கூலியும் மறதியுமே மிஞ்சுகின்றன. புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலையில் குப்பையை அள்ளப் போவது யார் என்று அந்த அறிக்கை கேட்கிறது. நான் செய்யும் வீட்டுவேலையே இனி என் கலை என்று அறிவித்ததுதான் அவர் செய்த மரபு மீறல். நம் பழமொழியில் ‘கட்டு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘கசக்கி’ என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டார் அவர்.

1973-இல் ஹார்ட்ஃபோர்ட் நகரின் வாட்ஸ்வொர்த் ஏதீனியம் அருங்காட்சியகத்தில், வாசற்படிகளையும் உள்ளே இருந்த கூடங்களின் தரையையும் மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கழுவினார். அங்கே ஒரு மம்மி வைக்கப்பட்டிருந்த கண்ணாடிப் பேழையை, வழக்கமாகத் துடைக்கும் பணியாளருக்குப் பதிலாக அவர் துடைத்து, அந்தத் துடைப்பையே ஒரு கலைப்படைப்பு என்று அறிவித்தார். அறிவித்த அக்கணமே பேழையும் கலைப்பொருளாகிவிட்டது. அதன் பிறகு அதைத் தொடும் தகுதி அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வல்லுநருக்கு மட்டுமே உண்டு. மூவர் கையிலும் இருந்தது ஒரே துணி, ஒரே அசைவு. ஆனால் ஒருவருடையது கூலிவேலை, ஒருவருடையது கலை, ஒருவருடையது நிபுணத்துவம். தொழிலின் மதிப்பு தொழிலில் இல்லை, செய்கிறவருக்கு நாம் சூட்டும் பெயரில் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு படைப்பை நான் அறியேன்.

1976-இல் நியூயார்க்கின் ஓர் உயர்ந்த அலுவலகக் கட்டடத்தில் வேலை பார்த்த 300 பராமரிப்புப் பணியாளர்களிடம், நாள்தோறும் ஒரு மணி நேரம் உங்கள் வேலையைக் கலையாக எண்ணிச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, அவர்களை ஒளிப்படம் எடுத்தார். அதைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவர், நிதி நெருக்கடியில் தவித்த நகரத் துப்புரவுத் துறையும் தன் வேலையைக் கலை என்று சொல்லிக்கொண்டு கலை மானியம் கேட்கலாமே என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அம்மையார் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. துறையின் ஆணையருக்கே கடிதம் எழுதினார். அங்கிருந்து தொலைபேசி வந்தது: பத்தாயிரம் பேரோடு சேர்ந்து கலை செய்ய விருப்பமா? இதோ வருகிறேன் என்றார். 1977 முதல் ஊதியம் ஏதுமின்றி அத்துறையின் உறைவிடக் கலைஞராக, அதாவது அத்துறைக்குள்ளேயே இருந்து கலை செய்பவராக இருந்தார்.

1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை, நகரத்தின் 59 துப்புரவு மாவட்டங்களுக்கும் சென்று, 8,500 பணியாளர்களை ஒருவர் விடாமல் நேரில் கண்டு, ஒவ்வொருவரின் கையையும் பற்றிக் குலுக்கி, ‘நியூயார்க் நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி’ என்று சொன்னார். விடியற்காலைப் பணிக்கும் இரவுப் பணிக்கும் அவர்களோடு சென்றார். அவர்கள் குனிந்து தூக்கி வீசும் அசைவுகளை அவர்களுக்குப் பின்னால் நின்று தானும் செய்தார்.

அப்படிப் போன இடத்தில் ஒரு பணியாளர் சொன்னதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு, நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் கொதிக்கும் வெயில் நாள். ஒரு வீட்டின் குப்பையை முழுவதும் அள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த வீட்டு வாசற்படியில் அவர்கள் சில நிமிடங்கள் உட்கார்ந்தார்கள். யார் வீட்டுப் படி? எவருடைய குப்பையை அப்போதுதான் சுமந்தார்களோ, அவருடைய வீட்டுப் படி. கதவு திறந்தது. வீட்டுக்காரப் பெண்மணி வெளியே வந்தார். தண்ணீர் கொண்டு வருகிறார் என்று நீங்களும் நானும் நினைப்போம். நாற்றம் பிடித்த குப்பைக்காரர்களே, எழுந்து போங்கள், என் வாசலை நாறடிக்காதீர்கள் என்றார். அவர்கள் எழுந்து போனார்கள். அந்தச் சொல் 17 ஆண்டுகளாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது என்றார் அந்தப் பணியாளர். எண்ணிப் பாருங்கள், அன்றைக்குப் பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தை எட்டியிருக்கும். அத்தனை காலமும் அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தன் கையைப் பற்றி நின்ற அந்தக் கலைஞரிடம் அவர் சொன்னார்: இன்று நீங்கள் அதைத் துடைத்தெறிந்துவிட்டீர்கள்.

அம்மையார் அதோடு விடவில்லை. 1984-இல் அந்த வீட்டு முகப்பைப் போலவே ஒன்றை அமைத்து, பணியாளர்கள் மீது வீசப்பட்ட வசைச்சொற்களை அதன் கண்ணாடிகளில் எழுதி, பல துறைகளைச் சேர்ந்த பெரியவர்களை வரவழைத்து, அவர்கள் கையாலேயே அவற்றைக் கழுவ வைத்தார். கசக்குவது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், அன்று கட்டியவர்களையே கசக்க வைத்தார்.

புருக்ளினில் அதற்கு வாசற்படி என்று பெயர். நம்மிடம் அதைவிட அழகான சொல் உண்டு: திண்ணை. வழிப்போக்கன் யாரென்று தெரியாமலே அவனுக்காகக் கட்டி வைத்த இடம் என்று அதைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்தத் திண்ணையும் எல்லாருக்கும் இடம் கொடுத்ததில்லை என்பதை இந்த அவையில் மறைக்க நான் விரும்பவில்லை. சென்ற சித்திரையில் எங்கள் தெருவில் இரண்டு பணியாளர் பெண்கள் குப்பைத் தொட்டியின் நிழலில் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததைக் கண்டேன். தெருவில் வேறு நிழல் இருந்தது. அது எல்லாம் வீட்டு வாசல்களில் இருந்தது. அவற்றுள் ஒன்று என் வீட்டு வாசல். உள்ளே வந்து உட்காருங்கள் என்று அன்று நான் அழைத்தபோது அவர்கள் தயங்கி நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவேதான், வட்டத்துக்கு ஒரு திண்ணை என்று நண்பர்களோடு சேர்ந்து மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். மேலே கூரை, மின்விசிறி, குடிநீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கை கழுவச் சோப்பு, பெண்கள் உடை மாற்ற ஒரு மறைவிடம். இவ்வளவுதான் கோரிக்கை. யூக்கலிஸ் அம்மையாருக்கு இந்நகரம் எடுக்கக்கூடிய சிறந்த கண்காட்சி இதுவே என்று உறுதியாக நம்புகிறேன். கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் அந்தச் சுவர்களுக்கு வண்ணம் தீட்டித் தருவதாக முதல்வர் அவர்களும் சற்று முன் வாக்களித்திருக்கிறார். கந்தையையும் கசக்கித் தருகிற கைகள் கழுவிக்கொள்ள ஒரு குழாயாவது வேண்டாமா?

நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஃபிரெஷ் கில்ஸ் மேட்டைப் பற்றியும், நகரத்தார் தங்கள் முகத்தைத் தாங்களே பார்க்கும்படி 1983-இல் குப்பை வண்டிக்குக் கண்ணாடி பதித்ததைப் பற்றியும் வேறொரு வாய்ப்பில் பேசுகிறேன். மேடையின் இடப்புற மேசையில் மனுப் படிவம் இருக்கிறது. முதல் கையொப்பத்துக்கான இடத்தை மேயர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். இரண்டாவது இடத்தில், பொன்னாடை பெற்ற அம்மா காலையிலேயே கையொப்பமிட்டுவிட்டார். வணக்கம்.